ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு: எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

ஏற்காட்டில் குடியிருக்கும் வாசகி ஒருவர் நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டு, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு மலையில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் வேலை. மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். சேலத்தில் சாரதா கல்லூரி சாலைப் பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மகன் ஆறாம் வகுப்பு. வாசகிக்கும் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஜவுளிக் கடையின் கணக்குப் பிரிவில் வேலை உறுதியாகிவிட்டது; வேலை முடிய இரவு எட்டு மணி ஆகும். மாமியாருக்குச் சர்க்கரை, மூட்டு வலி. மாதம் ஒரு முறை அரசு மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்க வேண்டும். கணவர் மட்டும் தினமும் பைக்கில் மலை ஏறி இறங்குவதாக ஏற்பாடு. ஜூன் பிறப்பதற்குள் கீழே குடிவந்தாக வேண்டும்.

மூன்று வீடு பார்த்திருக்கிறார்கள். முதலாவது, அழகாபுரத்தில் ஓர் அடுக்குமாடியின் கடைசி மாடி. லிஃப்ட் உண்டு, வாடகை 18,000, பத்து மாத அட்வான்ஸ். இரண்டாவது, கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு தனி வீட்டின் மாடிப் போர்ஷன். வீட்டுக்காரர் கீழே இருக்கிறார். வாடகை 11,000, அட்வான்ஸ் 60,000. கரண்டுக்கு சப் மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபாய். "எழுத்தெல்லாம் எதுக்கும்மா, நம்பிக்கைதானே" என்கிறாராம் அந்தப் பெரியவர். மூன்றாவது, சீலநாயக்கன்பட்டி பைபாஸை ஒட்டிப் புது அடுக்குமாடி. எட்டு லட்சம் ஒத்தி, அதாவது தொகையை முதலிலேயே மொத்தமாகக் கொடுத்துவிட்டு, காலம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது. மூன்று வருடம், வாடகை கிடையாது. இந்த வீட்டுக்குப் புரோக்கர் அவசரப்படுத்தியதால் 10,000 ரூபாய் டோக்கன் வீட்டுக்காரருக்கு ஜிபேயில் போய்விட்டது.

கணவருடைய அண்ணன், "வயசுப் பொண்ணு இருக்கிற வீடு. ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் தவிர வேற எங்கேயும் பார்க்காதே" என்கிறார். கணவருக்கு ஒத்தி வீட்டின் மேல்தான் கண். வாசகி கேட்பது இவ்வளவும்: எந்தப் பகுதி சரி? மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் கேட்பது சட்டவிரோதம்தானே? பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவு தேவையில்லையா? ஒரு வீட்டில், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள், அப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டா? டோக்கன் பணம் திரும்பி வருமா?

சகோதரிக்கு,

நீங்கள் கேட்டதில் பாதி சட்டம், பாதி குடும்பக் கணக்கு. இரண்டாவதில் தொடங்குகிறேன். தப்பான இடத்தில் வீட்டைப் பிடித்துவிட்டு ஒப்பந்தத்தை மட்டும் சரியாக எழுதினால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை.

வண்டி ஓட்டாதவருக்குப் பக்கமாக

உங்கள் வீட்டில் ஐந்து பேர். அதில் சொந்தமாக வண்டி எடுத்துக்கொண்டு போகிறவர் கணவர் ஒருவர்தான். ஆனால் இதுவரை நடந்த பேச்சு முழுவதும் அவர் வசதி, அவர் அண்ணன் கருத்து, அவர் சேமிப்பு என்றே சுற்றியிருக்கிறது. மகள் காலையில் பள்ளிக்கும் மாலையில் ட்யூஷனுக்கும் போவாள். நீங்கள் இரவு எட்டு மணிக்கு மேல் பஸ் ஏறுவீர்கள். மாமியார் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவார். நடந்தும் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போகிற இந்த நான்கு பேருக்கு எது பக்கமோ அதுதான் உங்களுக்குச் சரியான இடம்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். ஏற்காடு அடிவாரம் ஊருக்கு வடக்கே. அங்கிருந்து கோரிமேடு, அஸ்தம்பட்டி என்று ஊருக்குள் வரலாம். சாரதா கல்லூரி சாலையும் அழகாபுரமும் ஃபேர்லேண்ட்ஸும் அதற்கு மேற்கே, பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றைத் தாண்டினால் ஐந்து ரோடு. அரசு மருத்துவமனை டவுனுக்குள், ஆட்சியர் அலுவலகத்துப் பக்கம். உங்கள் நான்கு தேவைகளும் ஊரின் வடபாதிக்குள் அடங்கிவிடுகின்றன. சீலநாயக்கன்பட்டி தென்முனை. அங்கே வீடு எடுத்தால் பள்ளிக்கும் வேலைக்கும் மலைக்கும் தினமும் ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். மதியம் வீடு பார்க்கப் போனால் இருபது நிமிடத்தில் போய்விடலாம் போலத்தான் தோன்றும். காலை எட்டரைக்கு ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் கணவரை.

அவர் பாதையையும் சேர்த்தே சொல்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பனியிலும் மழையிலும் இறங்கி வருகிறவர், அதற்குப் பிறகு இன்னும் முக்கால் மணி நேரம் நகர நெரிசலில் ஓட்டுவது தேவையில்லாத களைப்பு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் மேலேயே இருந்திருப்பீர்கள். அப்படிப்பட்ட நாளில் குப்பனூர் வழியாக இறங்கினாலும் வடகிழக்குப் பக்கமாகத்தான் ஊருக்குள் வருவார். கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி, அழகாபுரம் எதுவானாலும் அவருக்குச் சில நிமிட வித்தியாசம்தான்.

அண்ணன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு என்பது ஏரியாவின் பெயரில் கிடையாது, தெருவில்தான் இருக்கிறது. ஃபேர்லேண்ட்ஸிலேயே கிளினிக்கும் அலுவலகங்களுமாக இருந்து இரவு ஏழு மணிக்கு மேல் ஆளரவமே இல்லாமல் போகிற தெருக்கள் உண்டு. கன்னங்குறிச்சியில் ஒன்பது மணி வரை இட்லிக் கடையும் மளிகைக் கடையும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுமாக இருக்கும் தெருக்களும் உண்டு. இரவு எட்டரைக்கு பஸ் ஸ்டாப்பிலிருந்து அந்த வீடு வரை நீங்களும் மகளும் ஒரு தடவை நடந்து பாருங்கள். தெருவிளக்கு எத்தனை எரிகிறது, நாய்கள் எப்படி, வழியில் டாஸ்மாக் உண்டா என்பதெல்லாம் புரோக்கர் சொல்லித் தெரியாது. கன்னங்குறிச்சியிலிருந்து ஐந்து ரோட்டுக்கு நேர் பஸ் கிடைக்குமா, அஸ்தம்பட்டியில் இறங்கி மாற வேண்டுமா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் உங்களுக்கும் மகளுக்கும் இதில் செலவு பெரிதாக இருக்காது. நேரம்தான் கேள்வி.

அழகாபுரத்து வீட்டில் எனக்கு ஒரு தயக்கம். கடைசி மாடி. ஏற்காட்டில் மின்விசிறியே இல்லாமல் தூங்கிப் பழகிய மாமியாரை, ஏப்ரல் மே மாதச் சேலத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே படுக்க வைக்கப் போகிறீர்கள். மதியம் மூன்று மணிக்குப் போய் அந்தப் படுக்கையறைச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். ஏசி போட்டால் சமாளிக்கலாம்தான், ஆனால் அந்தக் கரண்ட் பில்லை 18,000 வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். லிஃப்ட் உண்டு என்கிறீர்கள். கரண்ட் போனால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள், மூட்டு வலிக்காரருக்கு அது முக்கியம்.

ஒத்தி வீடு

"வாடகையே இல்லாத வீடு, மூன்று வருஷம் கழித்து எட்டு லட்சமும் அப்படியே கைக்கு வரும்" என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் பல குடும்பங்கள் ஒத்தி வீட்டில் நன்றாகவே இருந்திருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

முதலாவது, வாடகையே இல்லை என்பது. சேமிப்பு நான்கு லட்சம், நகையை அடகு வைத்து நான்கு லட்சம் என்பது உங்கள் திட்டம். நகைக் கடனுக்கு வருடம் ஒன்பது சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 3,000 வட்டி. சேமிப்புப் பணம் வங்கியில் ஏழு சதவீதத்தில் இருந்தால் மாதம் 2,300 ரூபாய்க்கு மேல் வரும், அதுவும் போயிற்று. ஆக, வாடகை இல்லாத அந்த வீட்டுக்கு மாதம் 5,300 ரூபாய் வாடகை கொடுக்கிறீர்கள். பெட்ரோலையும் ஆட்டோவையும் சேர்த்தால் கன்னங்குறிச்சி வீட்டின் வாடகையை நெருங்கிவிடும்.

இரண்டாவது, பணம் அப்படியே திரும்பும் என்பது. இதில்தான் என் பயம். ஒரு வீட்டுக்காரர் மாத வாடகையை விட்டுவிட்டு மொத்தப் பணம் கேட்கிறார் என்றால், பெரும்பாலும் அவருக்குப் பணமுடை இருக்கிறது. புது அடுக்குமாடி என்றால் வங்கிக் கடனில் வாங்கியதாகவே இருக்கும். அவர் தவணை கட்டாமல் விட்டால் வங்கி 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வழக்குப் போடாமலேயே வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுக்க முடியும். வங்கிக்குத் தெரியாமல், பதிவும் இல்லாமல் நீங்கள் கொடுத்த எட்டு லட்சத்தை வங்கி பொருட்படுத்தாது. வீட்டுக்காரர் மேல் வழக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் பலர் வக்கீலைத் தேடி வருகிறார்கள்.

ஆகவே, ஒத்திக்குப் போவதாக இருந்தால் குறைந்தது இவையாவது வேண்டும். அசல் கிரயப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கே என்று கேளுங்கள், பெரும்பாலும் வங்கியில் இருக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சொத்துக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். பதிவான அடமானம் இருந்தால் அதில் தெரியும். ஒத்தியை வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள இப்படிப்பட்ட அடமானம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவுக்கும் முத்திரைக்கும் செலவாகும் என்பதால்தான் பலரும் அதைத் தவிர்க்கிறார்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். இருபதாயிரமும் அதற்கு மேலும் கடனாகவோ டெபாசிட்டாகவோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது.

இன்னொன்று. பெயரில் லீஸ் என்று போட்டாலும், வாடகையே இல்லாத இந்த ஏற்பாடு பெரும்பாலும் அடமானத்தின் இனத்தில்தான் சேரும். வாடகைதாரருக்கு உள்ள பாதுகாப்பை அங்கே எதிர்பார்க்க முடியாது. தகராறு வந்தால் சிவில் கோர்ட்தான், வருடக்கணக்கில் இழுக்கும். நகையை வைத்து வாங்கிய பணத்தை அங்கே போடச் சொல்லி நான் யோசனை சொல்ல மாட்டேன்.

"எழுத்தெல்லாம் எதுக்கும்மா?"

கன்னங்குறிச்சிப் பெரியவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பிறகு வெளியூரில் இருக்கும் மகனோ மருமகனோ வந்து நிற்கும்போது உங்களிடம் காட்ட ஒரு காகிதமாவது வேண்டும்.

தமிழ்நாட்டில் 2017இல் நிறைவேறி 22.2.2019 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வாடகை ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண்ணும் வாங்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் வாடகை அதிகாரியாக இருப்பார். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இங்கேதான் உங்கள் பதினொரு மாதக் கேள்வி வருகிறது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கத்தான் பதினொரு மாதம் என்று எழுதும் வழக்கம் வந்தது. வாடகை அதிகாரியிடம் செய்கிற பதிவு வேறு விஷயம். பதினொரு மாத ஒப்பந்தம் என்பதால் அது தேவையில்லை என்று ஆகிவிடாது.

பலர் கவனிக்காத ஒரு விஷயமும் உண்டு. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணமாகக் காட்டி, வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்ல இந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எழுதாமல் இருந்தால் கெடுதல் உங்களுக்குத்தான். அதே சட்டம் உங்கள் பக்கமும் நிற்கிறது. ஒப்பந்தக் காலம் முடியும் முன் நினைத்தபோது காலி செய்யச் சொல்ல முடியாது. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று வேண்டும். சண்டை வந்தால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்திப் பழிவாங்கக் கூடாது. அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் போகலாம். வீட்டைப் பார்க்க வருவதற்கும் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தகவல் தர வேண்டும்.

பெரியவரிடம் சட்டம் பேச வேண்டாம். "பையன் ஸ்கூலுக்கும் கேஸ் கனெக்ஷனுக்கும் முகவரி ஆதாரம் கேட்கிறாங்க, எழுதித்தான் ஆகணும்" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. செலவை நீங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டு வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அவர் பெயரில் இல்லாமல் மனைவி பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால், அந்தப் பெயர்க்காரரின் கையெழுத்தும் வேண்டும்.

அந்த சப் மீட்டர் விவகாரத்தைக் கட்டாயம் பேசுங்கள். தனி இணைப்பு இருந்தால் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். நீங்கள் 200 யூனிட் எரித்தால் மீதி நூறுக்குக் குறைந்த படிக் கட்டணம், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். யூனிட் 9 ரூபாய் என்றால் அதே 200 யூனிட்டுக்கு 1,800. அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. இரண்டு குடும்பமும் ஒரே மீட்டரில் எரித்து மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடும், அந்தப் பயத்தில் கேட்கிறார். மாடிக்குத் தனி இணைப்பு வாங்கச் சொல்லுங்கள். டெபாசிட் செலவில் பாதியை நீங்கள் கொடுத்தால்கூட ஒரு வருடத்தில் அது உங்களுக்குத் திரும்பிவிடும்.

அட்வான்ஸ்

மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கினால் சட்டவிரோதம் என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. சட்டத்தில் மூன்று மாதம் என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவே, 'வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர' என்ற பொருளில்தான் தொடங்குகிறது. பத்து மாதம் என்று எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு சட்டத்தைக் காட்டி வாதாடுவது கஷ்டம். ஆகவே பேரத்தைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். அழகாபுரத்தில் பத்து மாதத்தை ஐந்தாகவோ ஆறாகவோ குறைக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. மே மாதத்தில் ஆள் வரத்து அதிகம் என்பதால் பிகு பண்ணுவார்கள். ஜூன் இரண்டாம் வாரத்துக்குப் பிறகும் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் உங்கள் குரல் எடுபடும்.

காலி செய்த பிறகு, நியாயமான பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். 'நியாயமான பிடித்தம்' என்ற இடத்தில்தான் சண்டையே வருகிறது. பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது நம் ஊரில் எழுதாத விதி. சட்டத்தின் அட்டவணைப்படி வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச் போன்ற சில்லறை ரிப்பேர்தான் உங்களுடையது. அவர்கள் நீட்டும் மாதிரி ஒப்பந்தத்தில் 'பெயிண்டிங் செலவு வாடகைதாரருடையது' என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் ஒரு தொகையாவது எழுதச் சொல்லுங்கள், திறந்த கையெழுத்தாக விடாதீர்கள். சாவி வாங்கிய அன்றே சுவர், தரை, பாத்ரூம் எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய தேதி அதிலேயே நிற்கும்.

வாடகை உயர்வு எத்தனை சதவீதம், எப்போது என்பதையும் எழுத வேண்டும். மெயின்டனன்ஸ் தனியா சேர்த்தா என்பதையும்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை

இதைச் சட்டப் பக்கத்தில் எழுதக் கூடாதுதான், ஆனாலும் வழக்காக வருகிற தகராறுகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது.

தண்ணீரில் தொடங்குங்கள். சேலத்துக்குக் காவிரித் தண்ணீர் மேட்டூரிலிருந்து வருகிறது. எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வருகிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், எதிர் வீட்டு அம்மாவைக் கேளுங்கள். சம்ப் எத்தனை வீட்டுக்குப் பொது, மோட்டார் ஸ்விட்ச் யார் கையில் என்று பாருங்கள். மோட்டார் ஸ்விட்ச் வீட்டுக்காரர் சமையலறைக்குள் இருக்கிற வீடுகளில்தான் அடுத்த கோடையில் பேச்சுவார்த்தை நின்றுபோகும். போர் தண்ணீர் எப்படி என்று கேட்கவே தேவையில்லை, பாத்ரூம் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகச் செதில் கட்டியிருந்தால் உப்புத் தண்ணீர். தலைமுடி, வாஷிங் மெஷின், பருப்பு வேகிற நேரம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

அடுத்தது மழை. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையிலிருந்துதான் இறங்கி ஊருக்குள் ஓடுகிறது. மேலே ஏற்காட்டில் கொட்டினால் கீழே ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் உள்ள தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறும். கன்னங்குறிச்சியில் மூக்கனேரியை ஒட்டிய தெரு என்றால் போன மழைக்கு எதுவரை தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். புதுப் பெயிண்ட் அடித்திருந்தாலும் தரைத்தள மாடிப்படியின் அடியில், மீட்டர் பெட்டிக்குக் கீழே, அந்தக் கோடு பெரும்பாலும் மறையாமல் இருக்கும். நீங்கள் மாடியில் இருந்தாலும் பைக் நிற்பது கீழேதானே.

"நீங்க என்ன ஆளுங்க?"

இந்தக் கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கும் பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. தனியார் ஒருவர் தம் வீட்டை யாருக்கு விடுவது என்பதில், சாதி பார்த்து மறுக்கக் கூடாது என்று வாடகைச் சட்டத்தில் நேரான தடை இல்லை. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிறர் காதுபடச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம், அது வேறு. வெறுமனே கேட்டுவிட்டு, "சொந்தக்காரங்க வர்றாங்க" என்று மழுப்பிவிடுகிற ஆளைப் பிடிக்கச் சட்டத்தில் கை நீளவில்லை.

பொய் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லாதீர்கள். நெறிக்காகச் சொல்லவில்லை, அந்த வீட்டில் மூன்று வருடம் உங்கள் மகள் ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒவ்வொரு விருந்தாளிக்கும் அந்தப் பொய்யைச் சுமக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் கணவர் பதில் சொல்லாமல் திரும்பி வந்தாரே, அவர் செய்தது சரி. அசைவம் சமைக்கக் கூடாது என்பவர்களிடமும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பிறகு ஒளித்துச் சமைக்கும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

என் யோசனை

கன்னங்குறிச்சி வீட்டுக்காரர் எழுத்துக்கும் தனி மீட்டருக்கும் ஒப்புக்கொண்டால் அதை எடுங்கள், மாடிப்படி மாமியாருக்கு ஏறக்கூடியதாக இருந்தால். படி செங்குத்தாக, கைப்பிடி இல்லாமல் இருந்தால் அது உங்கள் வீடு இல்லை. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி என்பது உங்கள் கணக்கு. மூட்டு வலிக்காரர் தெருவுக்கே இறங்காமல் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது அந்தக் கணக்கில் வரவில்லை. மலையில் வாசல் திறந்தால் மண்ணில் கால் வைத்துப் பழகியவர் அவர்.

அது சரிவராவிட்டால் அழகாபுரத்துக்கு ஓடிவிடாதீர்கள். அஸ்தம்பட்டி, மரவனேரி, சின்னத் திருப்பதி, அழகாபுரத்தின் பின்பக்கத் தெருக்கள் என்று நடுவில் ஒரு வட்டாரம் இருக்கிறது. உங்கள் பட்டியலில் அது வரவே இல்லை, புரோக்கர் காட்டியிருக்க மாட்டார். அங்கே பழைய வீடுகளில் தரைத்தளப் போர்ஷன்கள் கிடைக்கும். 'டு லெட்' பலகை தொங்குவதைப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு நடந்தே சுற்றுங்கள். புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகையும் மிச்சம்.

கடைசியாக, அந்த 10,000. டோக்கன் கொடுத்தவர் காரணமில்லாமல் பின்வாங்கினால், பிடித்துக்கொள்ள எதிர்த்தரப்புக்கு வாதம் கிடைத்துவிடும். ஆவணம் காட்டாமல் அவர் பின்வாங்கினால் அப்படிச் சொல்ல முடியாது. அதனால் "வீடு வேண்டாம்" என்று முதலில் சொல்லிவிடாதீர்கள். புரோக்கரை நடுவில் விடாமல் வீட்டுக்காரருக்கே இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "ஐயா, அசல் கிரயப் பத்திரம், இன்றைய தேதி வரை வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது மூன்றையும் வெள்ளிக்கிழமைக்குள் காட்டுங்கள். வங்கிக் கடன் இருந்தால் அதையும் தெரிவியுங்கள். ஒத்தியைப் பதிவு செய்துதான் தொகை கொடுக்க முடியும். இவற்றைப் பார்த்த பிறகுதான் எங்கள் முடிவைச் சொல்ல முடியும். இதற்கு வசதிப்படாது என்றால் ஜிபேயில் அனுப்பிய 10,000 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்."

அவர் மழுப்பினாலோ பதிவு முடியாது என்றாலோ அந்தச் செய்தியும் ஜிபே ரசீதும் உங்கள் கையில் இருக்கும், ஒரு வக்கீல் நோட்டீஸுக்கு அது போதும். எல்லா ஆவணமும் சுத்தமாகக் காட்டி, பதிவுக்கும் வருகிறேன் என்று அவர் சொல்லிவிட்டால், பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்குப் பெரிய பிடி இல்லை. அப்போது பாதியாவது தரும்படி பேசிப் பாருங்கள். அவர் தராவிட்டாலும் அந்தப் பத்தாயிரத்துக்காக சீலநாயக்கன்பட்டிக்குக் குடிபோக வேண்டாம்.